பன்னிரண்டு இறாத்தல் காற்று

முதலில் கறுப்பு.
மினுங்கும் கறுப்பு,
குளத்தால் ஏறிவந்த எருமையின் முதுகு மாதிரி.
வெள்ளி கேட்டவனுக்கு
ஏன் கறுப்பு அடிக்கிறாய் என்றாள் வதனி.
வெள்ளியிடம் சொந்தமாக ஒரு வெளிச்சமும் இல்லை,
அடியில் கறுப்பு இருந்தால்தான்
வெளியில் கிடப்பதைக் கடன் வாங்கி மினுங்கும் என்றேன்.
"அப்ப லீசிங்கில மோட்டச்சைக்கிள் எடுத்த ஆள்."
ஓம். அப்படித்தான்.

ஆள் என் பெருவிரலில் பாதி.
மார்புக் கவசம், முழங்கால் மூடி,
ஈர்க்குக் கனத்தில் ஒரு வாள்.
பேர்கனில் இருக்கிற ரூன் என்பவர்
பத்துப் பேரைப் பஞ்சில் சுற்றி
பிஸ்கற் பேணிக்குள் அனுப்பியிருந்தார்.
வழியில் ஒருவனுக்குக் கை போய்விட்டது.
ஒட்டினேன். தெரியாது.

கொம்பிரசர், பழைய பிறிட்ஜ் ஒன்றின் நெஞ்சு.
கராச்சில் ஆறு வருசம்
பெற்றோல் தாங்கிகளுக்கு
நாற்பது இறாத்தலில் அடித்த கை இது.
இவனுக்குப் பன்னிரண்டு.
கூடினால் முகமெல்லாம் வேர்க்குரு,
குறைந்தால் துப்பும்.
பன்னிரண்டு என்பது
கோப்பையில் ஊற்றிய தேத்தண்ணியை
சிந்தாமல் ஊதுகிற அளவு.

மல்லாவியில் புழுதிக்கு நேரசூசி உண்டு.
ஆறேகாலுக்கு வவுனியா பஸ்,
எட்டிலிருந்து மணல் ரிப்பர்கள்,
அரிவுவெட்டு மாதத்தில் மெசின் இரவு பத்து வரை.
பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.
நிலத்துக்கு இரண்டு வாளி தண்ணி,
தலைக்கு ஒன்று,
ஈரம் சொட்டச்சொட்ட
நுளம்புவலைக்குள் குந்தியிருப்பேன்.
தானாக வலைக்குள் ஏறி
விளக்கும் போட்டுக்கொண்டிருக்கிற மீன் என்கிறாள் வதனி.

ஒரு கை. பொறு.
குறுக்காலே ஒரு கை. பொறு.
முதலாவதில் கறுப்பின்மேல் அடுப்புச் சாம்பல்.
இரண்டாவதில் ஈயச்சட்டி.
மூன்றாவதில்
பொசுக்கென்று அவன் மார்பில் ஒரு கோடு எரிகிறது:
என் தலைக்கு மேலே எரியும் ரியூப் லைற்.
அதோடு நிறுத்தவேண்டும்.
நான்காவது கைக்கு ஆசை வரும்;
அந்த ஆசைக்குக் கொடுத்து
போன மாசம் மூன்று பேரைத் தகரமாக்கினேன்.

அந்த நேரம்தான் வதனி
வலைக்கு வெளியே நின்று படம் எடுத்தாள்.
பெருப்பித்துப் பார்த்தாள்.
இன்னும் பெருப்பித்தாள்.
"இவன்ர நெஞ்சுக்குள்ள நீ இருக்கிறாய்."
இருந்தேன், குறுணி அளவு,
ஒரு கண்ணை மூடி,
அவனுக்கு நேரே எதையோ நீட்டிக்கொண்டு.
"கையில என்ன?"
கண், என்றேன். கராச்சில் அதற்கு அதுதான் பெயர்.
"எந்தக் கண் எண்டு பாக்கிறவைக்குத் தெரியுமோ?"
பெயின்ற் அடிக்கிறது, வேறென்ன என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
படத்தை அழித்தாள்.
அழித்தவை போய்க் கிடக்கும் இடத்திலும் தேடி அழித்தாள்.
சுவரில் கொம்பிரசர் நின்றபிறகும்
கொஞ்ச நேரம் அதிர்வு இருந்தது.

விடியப்புறம், பஸ் வர முதல்,
படலையடி மதிலில் பத்துப் பேரையும் நிறுத்தி
நான் எடுத்து அனுப்பினேன்.
மத்தியானம் ரூன் கேட்டிருந்தார்:
எல்லாம் நல்லாயிருக்கு, நன்றி,
ஆனால் இடுப்புக்குக் கீழே சிவப்பு ஏன்,
துரு வேண்டாம் என்று சொன்னேனே.

அது துரு இல்லை, எழுதினேன்,
எங்கள் கிறவல் ஒழுங்கை.
அழிக்கலாமா என்றார்.
அழிக்கத் தேவையில்லை,
அங்கே வந்து இறங்கினால் தானாகப் போய்விடும்;
உங்கள் மழை வரும், உங்கள் யன்னல் வரும்,
குனிந்து பார்த்தால் நீங்களும்.

நீங்கள் என்பதற்குப் பிறகு
ஏதோ எழுதி வெட்டினேன்.

பஞ்சு. பேணி. மூடி.
மூடினதும் உள்ளே பத்துப் பேரும்
திரும்பக் கறுப்பு.
கை ஒட்டினவனை எல்லாருக்கும் மேலே வைத்திருக்கிறேன்.
திறக்கிறவன் எவனோ,
முதலில் அவனைத் தூக்கிப் பார்க்கட்டும்.